கறுத்ததெல்லாம் ஆயில் இல்லை

என் வேலைப் பையில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்புக் கம்பி ஒன்று எப்போதும் கிடக்கும். கை சுடாமலிருக்க ஒரு முனையில் கார்க் செருகி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே சின்னதாக ஒரு கேஸ் டார்ச். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "நகை வேலையும் பாக்குறியாம்மா?" என்று கேட்டார். இல்லை பெரியப்பா, நான் பார்ப்பது பழைய ஆயில் வேலை.

வண்டிக்கு ஆயில் மாற்றும்போது கீழே வடிகிறதே, அந்தக் கருப்புத் திரவம், அதைச் சேகரிப்பதுதான் என் பிழைப்பு. முதல் ஆறு வருஷம் மறுசுத்திகரிப்பு ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். அடுத்த ஒன்பது வருஷமாக வெளி வேலை. நானூற்றுச் சொச்சம் ஒர்க்‌ஷாப்புகள், பஸ் பணிமனைகள், தொழிற்சாலைகள், மூன்று டேங்கர், நடுவில் ஒரு சேமிப்புக் கிடங்கு. எந்த வண்டி எந்த நாளில் எந்தப் பக்கம் போகவேண்டும், எங்கே பேரல் நிரம்பியிருக்கும், எங்கே போய்ப் பார்த்தால் பாதிதான் இருக்கும் என்று மனசுக்குள்ளேயே ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். கிடங்கிலிருந்து ஆலைக்கு நாலு மணி நேரப் பயணம்.

ஆய்வகத்தில் இருந்தபோது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இந்தத் தொழிலின் மூளையெல்லாம் ஆலைக்குள் இருக்கிறது, சேகரிப்பு என்பது வெறும் லாரி ஓட்டுகிற வேலை என்று. அந்த நினைப்பை உடைத்தது ஒரு டேங்கர்.

அதைச் சொல்லுமுன் ஒரு சின்ன விளக்கம். எஞ்சினுக்குள் ஆயில் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. அதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். அது அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. தீர்வது அதோடு சேர்த்த மருந்துகள்: தேய்மானத்தைத் தடுக்கிற துத்தநாகச் சேர்மம், அழுக்கைப் பிடித்து வைக்கிற கால்சியம் சேர்மம், இப்படி. போதாததற்குப் புகைக்கரி, தண்ணீர், எரியாத பெட்ரோல், உலோகத் துகள் எல்லாம் உள்ளே வந்து சேர்ந்துகொள்கின்றன. அழுக்கான வேட்டி மாதிரிதான். துவைக்கத் தெரிந்தால் திரும்பக் கட்டலாம். அமெரிக்கக் கணக்கு ஒன்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம்: 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 2.4 லிட்டர் மசகு எண்ணெய்தான் கிடைக்கும், அதே 2.4 லிட்டரை எடுக்கப் பழைய ஆயில் 3.8 லிட்டர் இருந்தால் போதும்.

துவைக்கிற முறையும் கேட்பதற்கு எளிதுதான். முதலில் சூடாக்கித் தண்ணீரை விரட்டவேண்டும். அடுத்து பெட்ரோல், டீசல் மிச்சங்கள். பிறகு வெற்றிடத்தில் வடித்தல். சாதாரண அழுத்தத்தில் காய்ச்சினால் ஆயில் ஆவியாகும் முன்பே கருகிச் சிதைந்துவிடும். அழுத்தத்தை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இறக்கி, சுவரில் மெல்லிய படலமாக வழியவிட்டால் சிதையாமல் ஆவியாகிறது. அடியில் தங்குகிற கருப்புப் பிசினில் உலோகமும் பழைய மருந்துகளும் போய்விடும்; அது தார் வகைப் பொருள்களுக்குப் போகிறது. வடித்து எடுத்ததை ஹைட்ரஜனோடு சேர்த்து, 300 டிகிரிக்கு மேல், வினையூக்கியின் வழியே அனுப்பினால் தேன் நிறத்தைவிடவும் வெளிறிய எண்ணெய் வரும். முன்பெல்லாம் கந்தக அமிலத்தையும் களிமண்ணையும் போட்டுச் சுத்தம் செய்வார்கள். அதில் ஆயில் சுத்தமாகும். ஆனால் அமிலக் கசடு மலைபோல் மிச்சமாகும். ஒரு அழுக்கை எடுத்து அதைவிட மோசமான இன்னொரு அழுக்கைச் செய்வது. அந்த முறையை நான் வேலைக்குச் சேருமுன்பே எங்கள் ஆலையில் கைவிட்டிருந்தார்கள், நல்லவேளை.

இனி அந்த டேங்கர்.

நான் வெளி வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம். 12,000 லிட்டர். பதினேழு இடங்களில் எடுத்தது. ஆலை வாசலில் சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னோடு முன்பு ஒரே மேசையில் வேலை பார்த்தவரே போன் செய்தார். "உன் வண்டியை உள்ள விட முடியாதும்மா. குளோரின் 1,300."

அமெரிக்க விதியில் பழைய ஆயிலில் மொத்த ஹாலஜன் (குளோரினும் அதன் இனத்துத் தனிமங்களும்) 1,000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டினால், அதில் அபாயக் கழிவு கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. எங்கள் ஆலையும் அதே எண்ணைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. விதிக்காக மட்டும் இல்லை. குளோரின் உள்ளே போனால் சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறிக் குழாயை அரிக்கும், வினையூக்கியையும் கெடுக்கும். ஒரு டேங்கரால் ஒரு வார உற்பத்தி நிற்கலாம்.

டிரைவர் அண்ணன் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம், கிடங்குல நல்ல ஆயில் இருபதாயிரம் லிட்டர் கிடக்கு. அதுல கலந்துவிட்டா எண்ணு தன்னால இறங்கிடும். யாருக்குத் தெரியப்போவுது?"

கணக்கு சரிதான். 1,300 என்பது 500க்குக் கீழே வந்துவிடும். அன்று இரவு அந்த யோசனை என் தலையிலும் ஓடியது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கலப்பதால் குளோரின் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. அதை நாமே இன்னும் இருபதாயிரம் லிட்டருக்குள் கொண்டுபோய் வைக்கிறோம், அவ்வளவுதான். அது என்ன பொருள் என்றே தெரியாத நேரத்தில் அப்படிச் செய்வது பைத்தியக்காரத்தனம்.

என்ன பொருள் என்று தெரியாமல் கலந்ததால் ஒரு ஊரே காலியான கதை இந்தத் தொழிலில் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச். 1970களில் அந்த ஊரின் மண் சாலைகளில் புழுதி அடங்குவதற்காகக் கழிவு எண்ணெயைத் தெளித்தார்கள். தெளித்தவர் பழைய ஆயில் சேகரிக்கிறவர். அதே வண்டியில் ஒரு ரசாயன ஆலையின் கழிவையும் ஏற்றியவர். அந்தக் கழிவில் டயாக்சின் என்ற கொடிய நச்சு இருந்தது. 1971இல் அதே மாநிலத்தில் குதிரைப் பயிற்சிக் களம் ஒன்றில் அவர் தெளித்த பிறகு குதிரைகள் கூட்டமாகச் செத்தன. டைம்ஸ் பீச்சில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது 1982இல். அந்த டிசம்பரில் வெள்ளமும் வந்தது. 1983 பிப்ரவரியில் அரசே ஊரை விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். மண்ணைத் தோண்டி எரித்து முடிக்க 1997 ஆகிவிட்டது. தெளித்தவர் எடுத்துப் போனதும் எங்கள் கையில் இருப்பது போன்ற ஒரு டேங்கர்தான். இந்தக் கதையை டிரைவர் அண்ணனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்க வந்துச்சுன்னு புடிச்சுருவோம் மேடம்" என்றார்.

பிடிப்பது எப்படி? அப்போதெல்லாம் நாங்கள் ஒவ்வொரு இடத்திலும் சாம்பிள் எடுக்கவில்லை. பதினேழு இடத்து ஆயிலும் ஒரே தொட்டியில். எங்களைக் காப்பாற்றியது பம்ப்பின் குறைதான். பேரலுக்குள் குழாயை எவ்வளவு ஆழமாக விட்டாலும் அடியில் இரண்டு மூன்று லிட்டர் தங்கிவிடும். மறுநாள் காலையில் செம்புக் கம்பியோடு கிளம்பினோம்.

பள்ளி வேதியியலில் வருகிற சோதனைதான் இது. கம்பியின் முனையைச் சுடரில் காட்டி, சுடரில் நிறம் வருவது நிற்கும்வரை சுடவேண்டும். ஆறவிட்டு ஆயிலில் தொட்டு மறுபடி சுடரில் காட்டினால் முதலில் மஞ்சளாகப் புகைந்து எரியும். அது அடங்கிய பிறகு பச்சை தெரிந்தால் உள்ளே குளோரின் வகையறா இருக்கிறது. எவ்வளவு என்று சொல்லாது, இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பேரலுக்குப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் கதை வேறாகிவிடும். நாங்கள் காற்று வாக்கில் தள்ளி நின்று, துளியூண்டு தொட்டுத்தான் பார்த்தோம்.

முதல் நாள் ஆறு இடம். எல்லாம் மஞ்சள். இரண்டாம் நாள் பதினோராவது இடத்தில், கண்ணைப் பறிக்கிற பச்சை.

சின்ன ஒர்க்‌ஷாப். முதலாளி, ஒரு மெக்கானிக், வேலை பழகுகிற ஒரு பையன். பார்ட்ஸ் கழுவுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுகிற ஒரு திரவம் வைத்திருந்தார்கள். லேசாக இனிப்பு வாடை அடித்தது. கேனில் இருந்த பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, குளோரின் கரைப்பான். கழுவிக் கழுவி அது கறுத்ததும் பையன் பத்து லிட்டர் கேனை அப்படியே பேரலில் கவிழ்த்திருக்கிறான்.

அந்த வகைக் கரைப்பானில் எடையில் எண்பது சதவீதத்துக்கும் மேல் குளோரின்தான். தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். பத்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ, அதில் குளோரின் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ. 12,000 லிட்டர் ஆயில் பத்தரை டன் சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒரே ஒரு கேன்!

முதலாளி பையனைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டார். டிரைவர் அண்ணன்தான் நடுவில் போய் நின்றார். பையன் அழவில்லை. என்னைப் பார்த்து, "கருப்பா இருந்துச்சுக்கா, அதான் கருப்புல ஊத்திட்டேன். பின்ன எங்கக்கா ஊத்துறது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நிஜமாகவே இல்லை. பேரலை வைத்தது நாங்கள். அதில் 'பழைய ஆயில்' என்று எழுதியதும் நாங்கள். ஆனால் அவனுடைய பட்டறையில் ஆயில் மட்டுமா கறுக்கிறது? கூலன்ட், பிரேக் ஆயில், கழுவிய கரைப்பான், தரையைத் துடைத்துப் பிழிந்த தண்ணீர், எல்லாமே ஒரு நாள் கறுத்துப்போகும். ஒன்றை மட்டும் நாங்கள் இலவசமாக எடுத்துப் போகிறோம், மற்றதுக்கெல்லாம் வழி காட்டவில்லை. சாக்கடை ஒன்று, எங்கள் பேரல் ஒன்று, இரண்டுதான் அவனுக்குத் தெரிந்த வழி. சாக்கடையில் ஊற்றாமல் பேரலில் ஊற்றினானே, அதற்கு ஒருவகையில் நன்றி சொல்லவேண்டும்.

அன்றிலிருந்து நான் அலுவலகத்தில் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்: நல்ல ஆயில் வேண்டுமென்றால் கெட்டதையும் நாம்தான் எடுத்துப் போகவேண்டும். 'கலக்காதீர்கள்' என்று அச்சடித்து ஒட்டினால் ஒட்டின காகிதத்தின் மேலும் ஆயில் வழிகிறது. பேரலுக்குப் பக்கத்தில் மூன்று கேன் வைத்து, மூன்றையும் நாமே எடுத்துப் போகிறோம் என்று சொன்னால் யாரும் கலப்பதில்லை. கலக்க என்ன காரணம் இருக்கிறது?

செலவு இருக்கிறது. அங்கேதான் எல்லாம் இடிக்கும். கூலன்ட்டை விற்று யாரும் பணக்காரர் ஆக முடியாது. கரைப்பானை ஒப்படைக்க நாம்தான் காசு கொடுக்கவேண்டும். அந்த 12,000 லிட்டருக்கும் அதே கதைதான். ஐந்து மாதம் கிடங்கில் ஒரு தனித் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் உயர்வெப்ப எரி உலைக்கு, எங்கள் செலவில் போனது. அந்தச் செலவில் நானூறு இடங்களுக்கும் கேன் வாங்கியிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பிரிவில் கொடுத்தேன். "இது விபத்தும்மா, அது நிரந்தரச் செலவு" என்றார்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு விபத்து என்றால் ஏனோ ஒரு ஆறுதல்.

இத்தாலிக்காரர்கள் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். 1982இல் சட்டம் போட்டு, 1984இலிருந்து நாடு முழுவதுக்குமாக ஒரு கூட்டமைப்பு பழைய ஆயிலைச் சேகரிக்கிறது. புது ஆயில் விற்கும்போது கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கட்டவேண்டும். சேகரிப்பு நடப்பது அந்தப் பணத்தில். நல்ல சரக்கு மறுசுத்திகரிப்புக்கு, தரம் குறைந்தது எரிபொருளுக்கு, அதற்கும் லாயக்கில்லாதது அழிப்புக்கு. மலை உச்சியில் ஒற்றைப் பட்டறை இருந்தாலும் வண்டி போகும், அங்கிருக்கிற ஆயில் டீசல் செலவைக்கூட ஈடுகட்டாவிட்டாலும். கெட்டதை எடுப்பதற்கான காசு புது ஆயிலின் விலையிலேயே வந்துவிடுகிறது. எங்களிடம் அப்படியில்லை. விற்றால்தான் வண்டி ஓடும்.

விற்பது கச்சா எண்ணெய் விலையின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. 2014 கடைசியில் கச்சா சரிந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன்; சாம்பிள் குறைகிறதே என்று மட்டும் தெரிந்தது. 2020 ஏப்ரலில் சரிந்தபோது வெளியே நின்றேன். முந்தின மாதம்வரை பேரலுக்குக் காசு கொடுத்து வாங்கிய நாங்கள், "இனிமே சும்மாதான் எடுப்போம்" என்று போய் நின்றோம். சிலர் சிரித்தார்கள். சிலர் அடுத்த வாரமே பேரலை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வேறு ஆள் எப்போதும் உண்டு. இருட்டின பிறகு வருவார், கையில் காசு கொடுப்பார், எதையும் சோதிக்கமாட்டார். கரைப்பான், கூலன்ட், எதுவானாலும் சரி, அடுப்புக்குப் போகிற சரக்குதானே. செங்கல் சூளையிலும் சின்னக் கொதிகலனிலும் வடிகட்டாமல் எரியும்போது துத்தநாகம், ஈயம் என்று இருப்பதெல்லாம் புகைபோக்கி வழியாகக் காற்றுக்குப் போய்விடும். அவரோடு விலையில் போட்டி போட எங்களால் முடியாது. சரியாகச் செய்கிறவனுக்குச் செலவு அதிகம், என்ன செய்வது?

போட்டி போட முடிகிற ஒரே இடம் நேரம் தவறாமை. இது நான் வண்டிகளின் பாதையைப் போட்டுப் போட்டுக் கற்றது. பேரல் 200 லிட்டர். காருக்கு நாலைந்து லிட்டர், பெரிய லாரிக்கு முப்பதுக்கு மேல். ஒரு கார் பட்டறையில் நாளைக்கு இரண்டு வண்டி என்றால் பேரல் நிரம்ப மூன்று நாலு வாரம். நிரம்பி வழிகிற பேரலைக் காட்டிலும் ஆபத்தானது இந்தத் தொழிலில் கிடையாது. நிரம்பிய அன்று நாம் வரவில்லை என்றால், அடுத்த ஆயில் மாற்றலின் ஆயில் எங்காவது போயாகவேண்டும். அதனால் நான் டேங்கர் நிரம்புவதைப் பார்ப்பதில்லை, பேரல் முக்கால் ஆவதைப் பார்க்கிறேன். டேங்கர் பாதியாகத் திரும்பினால் கணக்குப் பிரிவு கத்தும். கத்தட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லையே. மூடி இல்லாத பேரலில் ஒரு பெருமழைக்கே இருபது முப்பது லிட்டர் சேர்ந்துவிடும். ஆயில் மேலே மிதக்கும், மேலே பார்த்தால் கரேலென்று நிறைந்த பேரல். குழாயை அடியில் விட்டால் முதலில் வருவது தண்ணீர். அதைச் சுமந்துகொண்டு நாலு மணி நேரம் ஓட்டி, ஆலையில் காய்ச்சி விரட்டுவதற்கு எரிபொருளும் செலவழிப்பது என்ன நியாயம்? சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் சடசடவென்று வெடிக்கும், தாளிக்கிற சத்தம். காதாலேயே அளக்க டிரைவர் அண்ணன் பழகிவிட்டார். "இது ரெண்டு சதவீதம் இருக்கும் மேடம்" என்பார். ஆய்வகத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட அதுதான் இருக்கும்.

இப்போது ஒவ்வொரு இடத்திலும் 100 மில்லி பாட்டிலில் இரண்டு சாம்பிள் எடுக்கிறோம். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று சீல் வைத்து அவர்களிடம். பிரச்சினை வந்தால் அவர்கள் பாட்டிலையும் திறந்து பார்க்கலாம். ஆரம்பத்தில் "எங்க மேல சந்தேகமா?" என்று முகம் சுளித்தவர்கள், தங்கள் பாட்டில் தங்களையே காப்பாற்றும் என்று புரிந்ததும் அதற்கென்று அலமாரியில் தனி இடம் ஒதுக்கினார்கள். இதற்குப் பிறகு ஆலையிலிருந்து ஒரு டேங்கரும் திரும்பவில்லை. ஆனால் இரண்டு முறை பேரலையே ஏற்றாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஒன்று குளோரின். இன்னொன்று பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்த ஆயில். அதில் பிசிபி என்ற குளோரின் நச்சு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே தொடக்கூடாது, அதற்கென்று தனிச் சோதனை, தனி வழி.

கேன் விஷயம் முழுசாக நடக்கவில்லை. ரொம்பப் போராடி, நூற்றிருபது இடத்தில் மூன்று கேன்கள் வைத்திருக்கிறோம்: பச்சை மூடி கூலன்ட்டுக்கு, மஞ்சள் பிரேக் ஆயிலுக்கு, சிவப்பு கழுவுகிற திரவத்துக்கு. மாதம் ஒரு முறை ஒரு சின்ன வண்டி போய் எடுத்து வருகிறது. கணக்கில் அது சுத்த நஷ்டம். மற்ற இடங்களை விட அந்த நூற்றிருபது இடங்களின் ஆயிலில் தண்ணீரும் குறைவு, கம்பியில் பச்சையும் இதுவரை வரவில்லை. ஆனால் 'வராத பச்சை'யை வரவுப் பக்கத்தில் எழுத ஒரு கட்டம் இல்லை. ஃபில்டரையும் எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சூடாக இருக்கும்போதே ஓட்டை போட்டுக் கவிழ்த்து ஒரு நாள் வடிய விட்டால் உள்ளே தங்கும் ஆயிலில் பெரும்பகுதி வந்துவிடும், மிச்சம் இரும்பு. "முதல்ல இதைப் பார்ப்போம்மா" என்றார்கள்.

கரைப்பானை ஊற்றிய அந்தப் பையன் இப்போது அதே பட்டறையில் மெக்கானிக். போன மாதம் போயிருந்தபோது பேரல் வாயில் பெரிய புனலை வைத்து, அதற்கு ஒரு மூடி போட்டு, மூடிக்குப் பூட்டும் போட்டிருந்தான். சாவி கழுத்தில் தொங்கியது. பக்கத்தில் சிவப்பு மூடிக் கேன் விளிம்புவரை நிரம்பி இருந்தது.

"அக்கா, இது நெறஞ்சு பத்து நாளாச்சு. சின்ன வண்டி எப்ப வரும்?"

அந்த மாதம் சின்ன வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள், செலவைக் குறைக்க. கேனை என் காரின் பின்னால் ஏற்றக்கூடாது, விதிப்படி தப்பு. அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நாலு பேரிடம் பேசினேன். வியாழக்கிழமை வண்டி போனது.